தாளில் வரையாத பெட்டி

போன மாதம் ஜொகூர் பாருவின் தம்போயில் இருக்கும் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. செய்தித் தளத்தின் முகப்பைப் புதிதாக மாற்றப் போகிறோம், பழைய ஆட்களும் வந்து பாருங்கள் என்று அழைத்திருந்தார்கள். மதியம் பிரியாணியும் உண்டு என்றார்கள். நான் எதற்கு மறுக்கப் போகிறேன்?

கூட்ட அறையில் ஷாலினி கணினி முன் உட்கார்ந்திருந்தார். இப்போது வடிவமைப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. ஜொகூர் தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தித் தளம் வேண்டும், கைப்பேசியில் அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டு வரி தட்டினார். நான் ஒரு குவே பலகாரத்தை எடுத்து வாயில் வைப்பதற்குள் திரையில் முழுப் பக்கமும் வந்து நின்றது. வண்ணம், படம், தலைப்பு, விளம்பரம், ஒன்றும் பாக்கி இல்லை. படத்தில் இருந்த மனிதர்கள் யாரும் உலகத்தில் இல்லாதவர்கள். தலைப்பில் இருந்த சம்பவங்கள் எதுவும் நடக்காதவை. ஆனாலும் நாளைக் காலையே வெளியிடலாம் போலத்தான் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஆன்ட்டி, பார்த்தீங்களா? இனிமே வயர்ஃபிரேம்லாம் தேவையே இல்ல லா. நீங்கல்லாம் பென்சில வச்சிக்கிட்டு எப்படித்தான் வாரக்கணக்குல உட்கார்ந்திருந்தீங்களோ!" என்று ஷாலினி சிரித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை சில்லிட்டுவிட்டது. சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று பயந்து பக்கத்தில் இருந்தவர் சூடாக ஒரு தே தாரிக் டீ கொண்டுவந்து வைத்தார். என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். ஷாலினியும் விடவில்லை. அலுவலகத்தின் மாத மடலுக்கு ஒரு கட்டுரை கேட்டுவிட்டார். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். எழுதினால் முழுதாக எழுத வேண்டும் என்ற பயம்தான் காரணம்.

வயர்ஃபிரேம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் எது எங்கே வரும் என்பதை வண்ணமும் படமும் இல்லாமல் வெறும் கட்டங்களாகப் போட்டுப் பார்ப்பது. படம் வரும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. செய்தி வரும் இடத்தில் நாலு கோடு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அசிங்கமாக இருப்பதால்தான் எல்லாரும் தைரியமாகக் குறை சொல்வார்கள். பளபளப்பாக ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால், பச்சையைக் கொஞ்சம் மாற்றலாமா என்பதைத் தவிர எவரும் வேறு கேள்வி கேட்பதில்லை. இது எனக்குத் தெரியவே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது பத்து பாகாட் ஊரில். அப்பா அங்கே துணி ஆலையில் வேலை பார்த்தார். பள்ளி முடித்ததும் நானும் ஆறு மாதம் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். அப்புறம் ஜொகூர் பாருவுக்கு வந்து பத்திரிகையில் பக்கம் ஒட்டும் வேலையில் சேர்ந்தேன். அச்செடுத்த பத்திகளைக் கத்தரித்து, பின்பக்கம் மெழுகு தடவி, பெரிய தாளில் கோணாமல் ஒட்ட வேண்டும். பிறகு கணினி வந்தது. பிறகு இணையம் வந்தது. ஒவ்வொரு தடவையும் உன் வேலை போயிற்று என்று பயமுறுத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் கற்றுக்கொண்டு நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தத் திமிரோடு இருந்த நேரத்தில்தான் கவிதா எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். சிங்கப்பூரில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவர். தினமும் விடியற்காலையில் பாலம் கடந்து போய் வந்து களைத்து, இங்கேயே வேலை தேடிக்கொண்டார். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். முதல் நாளே என்னிடம் வந்து, "ஸ்டெல்லாக்கா, நான் கவிதா. எனக்கு இந்த ஆபீஸ்ல ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்," என்றார். நல்ல பிள்ளைதான் என்று நினைத்தேன். மறுநாளே என் கணினித் திரையை அணைக்கச் சொல்லிவிட்டு என் முன்னால் ஒரு பழுப்புத் தாளை விரித்தார்.

கடையில் பொட்டலம் கட்டும் அதே பழுப்புத் தாள். ஒரு பென்சில், ஒரு ரப்பர். வண்ணப் பேனா கூடவே கூடாது. "கலர் வந்துட்டா கண்ணு அங்க போயிரும்கா, அப்புறம் யாரும் யோசிக்க மாட்டாங்க," என்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு என்ற சொல்லையும் சொல்ல மாட்டார். நான் ஒரு கட்டத்தைப் போட்டால் அதன் மேல் பென்சில் முனையை வைத்து, "சரி, அப்புறம்?" என்பார். படம் வராவிட்டால் இந்த இடம் என்ன ஆகும்? தலைப்பு மூன்று வரி நீண்டால்? செய்தி பழசாகிவிட்டால்? பதில் வரும்வரை பென்சில் முனை அங்கேயே நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

போலி எழுத்து எதையும் கட்டத்தில் நிரப்ப விட மாட்டார். எங்கள் நிருபர்கள் எழுதியதிலேயே ஆக நீளமான தலைப்பைத் தேடி எடுத்து அதைத்தான் எழுதச் சொல்வார். இதற்குக் 'கெட்ட நாள்' என்று பெயர் வைத்திருந்தார். வெயில் அடிக்கும் நாளுக்கு எந்தப் பக்கமும் சரியாகத்தான் இருக்கும், பக்கத்தைக் கெட்ட நாளுக்கு வரைய வேண்டும் என்பது அவர் கணக்கு. படிக்கிறவர் பயந்துபோயிருக்கிறார், மழையில் நிற்கிறார், ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஈரமான கைப்பேசி. அவருக்கு என்ன வேண்டும், அது எந்த இடத்தில் இருக்க வேண்டும்? ஒவ்வொரு தாளையும் இந்தக் கேள்விக்கு உட்படுத்தினால்தான் மேசையை விட்டு எழ விடுவார்.

அதோடு முடியாது. பிஸ்கட் பெட்டி அட்டையில் கைப்பேசி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி வைத்திருந்தார். அந்த அட்டையைத் தாளின் மேல் வைத்து மெல்லக் கீழே இழுப்பார். சதுரத்துக்குள் தெரிவதுதான் பக்கம், தெரியாதது இல்லை என்று அர்த்தம். எங்கள் ஓட்டுநர் மணியம் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "அண்ணே, இன்னிக்கு எந்த ரோடு அடைச்சிருக்குன்னு தேடுங்க," என்பார். மணியம் அண்ணன் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தாளின் மேல் வைத்துத் தேய்ப்பார். ஒரு நாள் நேராகப் போய் நகைக்கடை விளம்பரக் கட்டத்தை அழுத்திவிட்டு, "இதுதானே?" என்று கேட்டார். அறையே சிரித்தது. கவிதா சிரிக்கவில்லை. ரப்பரை எடுத்து என் இரண்டு நாள் வேலையை அழித்தார்.

"மணியம் அண்ணனுக்காகவா நம்ம பத்திரிகை நடத்துறோம்?" என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"வேற யாருக்குக்கா நடத்துறோம்?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது.

தாள் முடிந்ததும் கீழே வலது மூலையில் மூன்று கையெழுத்து. செய்திப் பிரிவுக்கு ஆசிரியர் நாதன் சார், வடிவமைப்புக்கு நான், நிரல் எழுதும் ஃபைசால். கையெழுத்தான தாளைச் சுருட்டி இரும்பு அலமாரியில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு பக்கத்தில் புதிதாக ஒரு பொட்டு வைப்பதாக இருந்தாலும் புதுத் தாள் வரைந்து, மணியம் அண்ணன் விரல் வைத்து, மூன்று கையெழுத்து ஆக வேண்டும். ஏழு வாரம் இப்படி என் உயிரை வாங்கினார். வீட்டுக்குப் போய் என் கணவரிடம், நேற்றுப் பிறந்த பெண் எனக்குக் கோடு போடக் கற்றுத் தருகிறாள் என்று தினமும் புலம்புவேன்.

புதுத் தளம் ஒரு திங்கட்கிழமை வெளிவர வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கவிதா தங்கை திருமணத்துக்காக ஈப்போ போயிருந்தார். மதியம் நாதன் சார் என் மேசைக்கு வந்தார்.

"ஸ்டெல்லா, ஒரு சின்னப் பெட்டி வேணும். 'அதிகம் படிக்கப்பட்டவை'ன்னு போட்டு மூணு செய்தி. மத்த சைட்ல எல்லாம் இருக்கு, நம்மகிட்ட மட்டும் இல்ல."

"ஷீட் போடணும் சார். கவிதா வந்துரட்டும்."

"அலமாக், ஒரு பெட்டிக்கு எதுக்கு ஷீட்டு? இத்தன வருஷமா பக்கம் போடுறீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழு வாரமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. நேராக ஃபைசால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கணினியில் ஓரமாக நிற்கும், கைப்பேசியில் இந்தப் பெட்டி கடைசியில் போய் விழும், யார் கண்ணிலும் படாது, என்ன செய்யலாம் என்று ஃபைசால் மலாயில் கேட்டார். மேலே ஏற்று, முதல் செய்திக்கும் மேலே போடு என்றேன். பெட்டி வந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே தேதி தானாகவே வந்து நின்றது. மூன்று தலைப்பு, மூன்று தேதி, பெட்டி பாசார் மாலாம் இரவுச் சந்தை போல நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. தேதியை எடுத்துவிடு, பார்க்க நன்றாக இல்லை என்றேன். ஃபைசால் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். வயதில் பெரியவள் சொல்கிறாளே என்று எடுத்துவிட்டார். பெட்டி அழகாகிவிட்டது. எனக்கு அன்று மாலை முழுவதும் சந்தோஷம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை கவிதா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். "இந்தப் பெட்டி எப்ப வந்துச்சுக்கா?"

"சார் கேட்டாரு, போட்டோம்."

"ஷீட்டு?"

"அப்புறம் போட்டுக்கலாம் லா. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"சரிக்கா. இந்த வாரத்துக்குள்ள போட்ருவோம்," என்றார். அந்த வாரம் நான் போடவில்லை. அடுத்த வாரம் ஒரு தடவை நினைவூட்டினார், நாளைக்கு என்றேன். அதற்கடுத்த வாரமும் நாளைக்கு என்றேன். வேலை அதிகம் என்பது பொய். அந்தப் பெட்டி ஒன்றுதான் அவருடைய பென்சில் படாமல் நானாகச் செய்தது. அதைக் கொண்டுபோய் மணியம் அண்ணன் கட்டைவிரலுக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் மழைக்காலம் வந்தது. கோத்தா திங்கியில் ஆறு ஏறியது. அங்கே அது புதிதில்லை என்பதால் முதல் நாள் நாங்கள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் காலை நிலைமை மாறிவிட்டது. நிருபர்கள் எல்லாரும் வெளியே. தொலைபேசி ஓயாமல் அடித்தது. பத்து மணி வாக்கில் எடுக்க ஆள் இல்லாமல் நான் எடுத்தேன்.

"ஹலோ, பத்திரிக்கைங்களா? நீங்க போட்டிருக்கிற நியூஸ் உண்மைதானுங்களா?" ஒரு பெண் குரல். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"எந்த நியூஸ்மா?"

"வெள்ளம் வடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போலாம்னு போட்டிருக்கீங்களே. நாங்க இங்க ஸ்கூல் மண்டபத்துல தங்கியிருக்கோம். எங்க வீட்டுக்காரரு அதப் பார்த்துட்டு வீட்டுல விட்ட ஆடுங்களப் பார்க்கப் போயிட்டாரு. மோட்டார் சைக்கிள்ல எட்டு மணிக்குப் போனாரு. ஃபோன் அடிச்சா போக மாட்டேங்குது. இங்க நிக்கிற போலீஸ்காரரு தண்ணி இன்னும் ஏறுதுங்கிறாரு. யாரு சொல்றதுங்க நெசம்?"

"அப்படி நாங்க போடலம்மா. வேற எங்கயாச்சும் பார்த்திருப்பீங்க," என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். ஏனென்றால் அன்று காலை எங்கள் முதல் செய்தியே நீர்மட்டம் ஏறுகிறது என்பதுதான். அதை நானே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், கணினியில்.

"இல்லீங்க, உங்க பேருதான் மேல இருக்கு. மொத வரியிலேயே இருக்கு."

காதில் ரிசீவரை வைத்துக்கொண்டே என் கைப்பேசியில் எங்கள் தளத்தைத் திறந்தேன். 'அதிகம் படிக்கப்பட்டவை' என்ற என் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அதில் முதல் வரி: 'கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்தது, மக்கள் வீடு திரும்பலாம்.' அது அதற்கு முந்தைய மழைக்காலத்துச் செய்தி. அன்றைய செய்தி அதற்குக் கீழே, விரலால் தள்ளினால்தான் தெரியும் இடத்தில் இருந்தது.

எப்படி நடந்தது என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வெள்ளம் என்றதும் ஊரே கோத்தா திங்கி வெள்ளம் என்று தேடியிருக்கிறது. தேடியவர்களுக்குப் போன மழைக்காலத்துச் செய்தியும் கிடைத்திருக்கிறது. பல பேர் திறக்கத் திறக்க எண்ணிக்கை ஏறி, அது என் பெட்டிக்குள் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது எந்த மழைக்காலத்துச் செய்தி என்று சொல்ல மட்டும் அதில் ஒரு எழுத்தும் இல்லை.

"ஹலோ, ஹலோ," என்று அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் கைப்பேசியைக் கவிதாவிடம் நீட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஃபைசால், அந்தப் பெட்டிய இப்பவே எடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"அக்கா, உங்க பேரு என்ன? லெட்சுமியா? நான் கவிதா பேசுறேன்கா. அது பழைய நியூஸ்கா. தப்பு எங்களோடது. அண்ணே பேரு என்ன? குணசேகரனா, சரி. அண்ணே எந்த வழியா போயிருப்பாரு? ஸ்கூல்லேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க, மெதுவா சொல்லுங்க."

பேசிக்கொண்டே பழுப்புத் தாளை இழுத்துப்போட்டு வரைய ஆரம்பித்தார். பள்ளி ஒரு கட்டம். தோட்ட அலுவலகம் ஒரு கட்டம். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண் சாலை இரண்டு கோடு. சிறிய பாலம். ஆட்டுக்கொட்டகை. வீடு. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பென்சில் முனையை வைத்து, "சரிக்கா, அப்புறம்?" என்று கேட்டார். அதே குரல், அதே கேள்வி. எட்டு நிமிடத்தில் வழி முழுவதும் தாளில் இருந்தது. அதைப் படம் பிடித்து மீட்புப் படைக்கு அனுப்பிவிட்டு, கோத்தா திங்கியில் இருந்த எங்கள் நிருபருக்கும் அனுப்பினார். நாதன் சார் தளத்தின் உச்சியில் திருத்தமும் எச்சரிக்கையும் போட்டார்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. லெட்சுமி அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டார். ஒரு தடவை, "ஆட்ட உசரத்துல கட்டியிருக்கு, போகாதீங்கன்னுதான் சொன்னேன். பேப்பர்லயே போட்டுட்டாங்க, அப்புறம் என்னான்னு கேட்டுட்டுப் போனாருங்க," என்று சொன்னார். அந்தச் சொற்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. இத்தனை வருடமாக எங்கள் பத்திரிகைமேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அது ஒரு மனிதரை வெள்ளத்துக்குள் அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. ஜெபமாலையைப் பிடித்திருந்தேன், ஒரு வரி ஜெபமும் வரவில்லை.

இரண்டு மணிக்குக் கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, இதுக்கு ஷீட் இல்லல்ல?"

"இல்ல."

"இப்ப வரைவோம்."

"இப்பவா? அந்த மனுசன் என்ன ஆனாருன்னே தெரியல, இப்ப எதுக்கு கவிதா?"

"இன்னொரு பெட்டி எங்கயாச்சும் இதே மாதிரி நிக்குதான்னு பார்க்கணும்கா. மழ இன்னும் நிக்கல."

வரைந்தேன். கோடு கோணிக்கொண்டு போயிற்று. கைப்பேசிச் சட்டம், அதற்குள் பெட்டி, மூன்று தலைப்புக் கோடு. அவர் பென்சில் முனையை முதல் கோட்டின் மேல் வைத்தார். "சரிக்கா. இந்தச் செய்தி பழசாயிருச்சு. அப்புறம்?"

அவ்வளவுதான். தேதி எங்கே என்ற கேள்வி தாளிலிருந்து தானே எழுந்து என் முகத்தில் அறைந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். வரைய ஆரம்பித்ததிலிருந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. நாலே நிமிடம்! மூன்று வாரமாக நாளைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்ட வேலை அது. அன்று எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகளிலேயே பெரியது வெள்ளமோ தொலைபேசியோ இல்லை, அந்தக் கடிகாரம்தான்.

மூன்றரை மணிக்கு நிருபர் கூப்பிட்டார். குணசேகரன் உயிரோடு கிடைத்துவிட்டார். பாலத்தைத் தாண்டும் முன்பே தண்ணீர் மோட்டார் சைக்கிளை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் ஒரு செம்பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். மட்டை முள் குத்தி இரண்டு கையும் கிழிந்திருந்தது. வலது கால் முறிந்திருந்தது. படகில் போனவர்கள் கவிதாவின் தாளைப் பார்த்து அந்தப் பாலத்துக்குத்தான் முதலில் போனார்களாம். கேட்டதும் நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கவிதாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் விளக்கம் கேட்டுக் கூட்டம் நடந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார் நாதன் சார். பெட்டி கேட்டது அவர் என்பதை அவரும் சொல்லவில்லை. கவிதா மட்டும், "ஷீட் இல்லாம ஏறின பெட்டி சார். என் பிரிவு, என் பொறுப்பு," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தேதியை எடுக்கச் சொன்னது யார் என்று ஃபைசாலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃபைசால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்நுட்பக் கோளாறு என்றே பதிவாயிற்று.

ஷாலினி, உங்கள் கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் காட்டிய பக்கம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. என் பெட்டியும் அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அந்த அறையில் உங்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் என் கை சில்லிட்ட காரணம். அந்தப் பக்கம் கெட்ட நாளில் என்ன செய்யும் என்று கேட்க ஒரு நாலு நிமிடம் ஒதுக்குங்கள். தாளில் செய்வீர்களோ திரையில் செய்வீர்களோ, உங்கள் இஷ்டம்.

இதோடு முடித்திருந்தால் இது ஒரு நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். பத்து வருடமாக இளம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம் இதோடுதான் முடித்தேன். தேதியை எடுக்கச் சொன்னது நான் என்பதையும் விட்டுவிட்டுத்தான் சொல்வேன், பெட்டியில் தேதி வராமல் போய்விட்டது என்பேன். மீதியும் இருக்கிறது.

நாலு மாதம் கழித்து குணசேகரனும் லெட்சுமியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் ஊன்றுகோலோடு நொண்டி நொண்டி வந்தார். செம்பனைப் பழக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இனி ஓட்ட முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். தோட்டத்து வாசலில் காவல் வேலை பார்க்கிறேன் என்றார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொட்டகைப் பரணில் பத்திரமாக நின்றனவாம். வழி வரைந்து அனுப்பிய அம்மாவைப் பார்த்து நன்றி சொல்ல வந்தோம் என்று ஒரு பை நிறைய ரம்புத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கவிதா அன்று வெளியே போயிருந்தார். நான்தான் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன்.

"எல்லாம் என் தப்புதாங்க," என்றார் குணசேகரன். கோப்பையைப் பிடித்திருந்த கைகளில் முள் கிழித்த தழும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. "எனக்குப் படிப்பு கம்மி. நீங்க தேதி எங்கயாச்சும் போட்டுத்தான் இருப்பீங்க. எனக்குத்தான் பார்க்கத் தெரியல. என்னால உங்களுக்கெல்லாம் எவ்ளோ செரமம். மன்னிச்சுக்குங்க."

இப்போது எந்தச் செய்தி பார்த்தாலும் மகளைக் கூப்பிட்டுத் தேதியைக் காட்டச் சொல்கிறாராம். லெட்சுமி அதைச் சொல்லிச் சிரித்தார்.

நான் அவர் தோளைத் தொட்டு, "பரவால்லண்ணே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அந்த மனிதரை நான் மன்னித்து அனுப்பினேன்.

குணசேகரன் அண்ணே, இந்த மடல் உங்கள் கைக்கு வருமா என்று தெரியவில்லை. கவிதாவிடம் உங்கள் விலாசத்தைக் கேட்டிருக்கிறேன், வந்ததும் நேரிலேயே வருகிறேன். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். அங்கே தேதி இல்லை. இருந்தது, நான்தான் எடுக்கச் சொன்னேன்.